சென்னை – சிங்கப்பூர் வான்வழி: தூரம் ஒன்றாக இருக்க, பயண நேரம் ஏன் இத்தனை விதமாகக் காட்டப்படுகிறது?

கடலோரன் எழுதியது:

என் பெற்றோர் முதன்முறையாகச் சிங்கப்பூருக்கு வரவிருக்கிறார்கள். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் தூரத்தையும் பயண நேரத்தையும் சரிபார்க்கலாம் என்று தேடியபோது, ஒன்றோடொன்று ஒட்டாத பல எண்கள் கிடைத்தன. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான தூரம் ஓரிடத்தில் 2,920 கி.மீ. என்று இருக்கிறது, பறந்து முடிந்த ஒரு விமானத்தின் பாதைப் பதிவிலோ 3,050 கி.மீ.க்கு மேல் காட்டுகிறது. தூரக் கணிப்பான் ஒன்று மூன்றரை மணி நேரம் என்கிறது, சீட்டில் 4 மணி 20 நிமிடம் என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

அதே சீட்டில் இரவு 11.30 மணிக்குப் புறப்பாடு, மறுநாள் காலை 6.20 மணிக்கு வருகை என்று இருப்பதால், ஏறத்தாழ ஏழு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அப்பா எண்ணிக்கொண்டிருக்கிறார். திரும்பும் பயணத்தில் இரவு 8.10-க்கு ஏறி 9.50-க்குச் சென்னையில் இறங்குவதாகப் பார்த்துவிட்டு, "வரும்போது மட்டும் ஒன்றே முக்கால் மணியில் எப்படிக் கொண்டுவந்து விடுகிறான்?" என்று கேட்கிறார். இரு நாட்டுக் கடிகாரங்களும் இரண்டரை மணி நேரம் வேறுபடுவது எனக்குத் தெரியும். அதைக் கழித்த பின்னரும் போவதற்கும் வருவதற்கும் இடையே பத்து நிமிடம் மிஞ்சுகிறது. தூரங்களிலும் முரண்பாடு இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

நிலவரையர் எழுதியது:

தூரத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். 2,920 கி.மீ. என்பது பெருவட்டத் தூரம், அதாவது உருண்டையான பூமியின் மேற்பரப்பில் இரண்டு விமான நிலையங்களையும் இணைக்கக்கூடிய மிகக் குறுகிய கோட்டின் நீளம். சென்னை நிலையம் ஏறத்தாழ 13 பாகை வடக்கு, 80 பாகை கிழக்கில் இருக்கிறது. சாங்கி நிலையம் 1.4 பாகை வடக்கு, 104 பாகை கிழக்கில் இருக்கிறது. இந்த நான்கு எண்களும் ஒரு கோளமுக்கோணக் கணக்கும் போதும், எவரும் வீட்டிலேயே அந்தத் தூரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். வானோடிகள் பயன்படுத்தும் கடல் மைல் கணக்கில் அது 1,580-க்கு மிக அருகில் வரும்.

பெருவட்டம் என்றதும் வரைபடத்தில் வில்போல் வளைந்து செல்லும் கோட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். டெல்லியிலிருந்து டோக்கியோவுக்குக் கோடு போட்டால் அது அப்படித்தான் வளையும். இரண்டு நகரங்களுமே 36 பாகைக்குத் தெற்கே இருக்க, நடுவழி 37 பாகையையும் தாண்டி வடக்கே ஏறி இறங்கும். சென்னையும் சிங்கப்பூரும் நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால், இங்கே தட்டையான வரைபடத்தின் நேர்கோட்டுக்கும் உண்மையான குறுகிய வழிக்கும் வேறுபாடு கிட்டத்தட்ட இல்லை.

அந்தக் கோடு எங்கே போகிறது என்று பார்ப்பதும் சுவையானது. சென்னைக் கரையை விட்டுத் தென்கிழக்காக இறங்கி, வங்காள விரிகுடாவைக் குறுக்காகக் கடந்து, பெரிய நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனைக்கும் சுமத்ராவின் வடமுனையில் உள்ள பண்டா ஆச்சேவுக்கும் நடுவிலுள்ள கடல் வாயில் வழியாக நுழைகிறது. பிறகு சுமத்ராவின் வடகிழக்குக் கரையை ஒட்டிக்கொண்டே சென்று, மலாக்கா நீரிணையைக் கடந்து, தீபகற்ப மலேசியாவின் தென்கோடியை அடைகிறது. இந்தியாவின் தெற்கெல்லை கன்னியாகுமரி என்று படித்தவர்கள், சன்னலோர இருக்கை கிடைத்தால் இடப்பக்கம் பார்க்கட்டும். பகலும் தெளிவான வானமும் வாய்த்தால், நாட்டின் உண்மையான தென்முனையைக் காணும் வாய்ப்பு உண்டு.

கணக்கன் எழுதியது:

தூரம் 2,920 கி.மீ.; விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று எல்லா நூல்களிலும் போட்டிருக்கிறது. வகுத்தால் மூன்றே கால் மணி நேரம் வருகிறது. சீட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூட்டிப் போட்டுவிட்டு, "நேரத்துக்கு முன்பே வந்து சேர்ந்தோம்" என்று பெருமையாக அறிவிப்பதற்காகவே விமான நிறுவனங்கள் இப்படிச் செய்கின்றன என்பது என் கருத்து. கூடுதல் தூரம், காற்று என்பதெல்லாம் சில நிமிடக் கணக்கு.

ஓடுபாதை எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்வதில் ஒரு பகுதி உண்மை, அதற்கும் வருகிறேன். விமானங்களுக்குப் பாதையும் எரிபொருளும் கணக்கிட்டுத் தரும் பணியில் இருந்தவன் என்ற முறையில், அந்த ஒரு மணி நேரம் எங்கே போகிறது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் வேகம். இவ்வழியில் பெரிதும் ஓடுபவை ஏர்பஸ் 320 குடும்பமும் போயிங் 737 குடும்பமும்தான். அவை ஒலியின் வேகத்தில் 0.78 பங்கு அளவில் பறக்கின்றன, மணிக்கு ஏறத்தாழ 840 கி.மீ. நீங்கள் சொல்லும் 900 கி.மீ. என்பது 787, ஏர்பஸ் 350 போன்ற அகன்ற உடல் விமானங்களின் வேகம்; அவை 0.85 பங்கில் பறப்பவை. அதிலும் ஒரு விமானம் தன்னால் இயன்ற உச்ச வேகத்தில் பறப்பதில்லை. எரிபொருளின் விலையையும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஆகும் மற்றச் செலவுகளையும் தராசில் வைத்து நிறுவனம் ஓர் எண்ணை முடிவு செய்கிறது, விமானத்தின் கணினி அந்த எண்ணுக்கு ஏற்ற வேகத்தைத் தேர்ந்துகொள்கிறது.

அடுத்தது பாதை. எந்த விமானமும் ஓடுபாதையின் நுனியிலிருந்து பெருவட்டக் கோட்டில் ஏறிக்கொள்வதில்லை. காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறதோ அந்தத் திசையை நோக்கி ஓடி எழும்ப வேண்டும். பிறகு வரையறுக்கப்பட்ட புறப்பாட்டு வழியில் திரும்பி, வான்வழிப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சென்று, இறங்கும் இடத்தில் மற்ற விமானங்களோடு வரிசையில் சேர்ந்துகொள்ள வேண்டும். இவற்றால் 100 முதல் 150 கி.மீ. வரை கூடுவதில் வியப்பில்லை. கடலோரன் பார்த்த 3,050 கி.மீ. அங்கிருந்துதான் வருகிறது.

இப்போது கணக்கைப் போடுங்கள். 3,060 கி.மீ. தூரத்தை 840 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 3 மணி 39 நிமிடம். ஆனால் மேலேறும்போதும் கீழிறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது. 10,000 அடிக்குக் கீழே மணிக்கு 250 கடல் மைலுக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பு பொதுவாக உண்டு. அதற்கு ஒரு கால் மணி நேரம் சேர்த்தால் வானில் இருக்கும் நேரம் 3 மணி 54 நிமிடம் ஆகிறது. சீட்டில் அச்சிடப்படும் நேரமோ சக்கரம் தரையை விட்டு எழும் கணத்திலிருந்து எண்ணப்படுவதில்லை. சென்னையில் விமானம் நிறுத்துமிடத்தை விட்டுப் பின்னுக்குத் தள்ளப்படும் கணத்தில் தொடங்கி, சாங்கியில் நிறுத்துமிடத்துக்கு வந்து நிற்கும் கணம் வரை உள்ள முழு நேரம் அது. இரு பக்கமும் தரையில் ஊர்ந்து செல்வதற்கு 25 நிமிடம் என்று கொண்டால் 4 மணி 19 நிமிடம் ஆயிற்று. சீட்டில் 4 மணி 20 நிமிடம் என்றுதானே இருக்கிறது?

கணக்கன் எழுதியது:

அப்படியானால் "இன்றைய பயண நேரம் 3 மணி 40 நிமிடம்" என்று விமானி அறிவிப்பதற்கு என்ன பொருள்? நிறுவனம் ஒன்று சொல்ல, விமானி ஒன்று சொல்லலாமா?

ஓடுபாதை எழுதியது:

விமானி சொல்வது எழும்புவதிலிருந்து இறங்குவது வரையிலான நேரம், அதுவும் அன்றைய காற்றையும் அன்று கிடைத்த பாதையையும் வைத்துப் போட்ட கணக்கு. சீட்டில் இருப்பது பல மாதங்களுக்கு முன்பே, பருவம் முழுவதற்குமாக முடிவு செய்த கால அட்டவணை.

நேரத்தைச் சற்றுத் தாராளமாகப் போட்டுக்கொள்கிறார்கள் என்ற உங்கள் குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. அட்டவணையிலிருந்து 15 நிமிடத்துக்குள் சேர்ந்துவிட்டால் அதை "நேரத்துக்கு வந்த விமானம்" என்று கணக்கில் வைப்பது இத்துறையின் உலக வழக்கம். அந்தக் கணக்கில் நல்ல பெயர் எடுக்கச் சில நிமிடங்களைச் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இருந்தாலும் அதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். சாங்கியில் இறங்கி இன்னொரு விமானத்தில் ஏற வேண்டியவருக்கு, இறுக்கிப் போட்ட நேரத்தைவிடத் தளர்த்திப் போட்ட நேரமே நன்மை செய்யும். எப்படியும் நீங்கள் எண்ணும் ஒரு மணி நேரத்தில் அதன் பங்கு மிகச் சிறியது.

பொழுதளப்பான் எழுதியது:

கடலோரனின் தந்தைக்கு: புறப்படும் நேரம் சென்னைக் கடிகாரப்படியும், வரும் நேரம் சிங்கப்பூர்க் கடிகாரப்படியும் அச்சிடப்படுகின்றன. போகும்போது தோன்றும் 6 மணி 50 நிமிடத்திலிருந்து இரண்டரையைக் கழிக்க வேண்டும். வரும்போது தோன்றும் 1 மணி 40 நிமிடத்தோடு இரண்டரையைக் கூட்ட வேண்டும். 4 மணி 20 நிமிடமும் 4 மணி 10 நிமிடமும் கிடைத்துவிடும்.

இந்த இரண்டரை மணி நேரம் சூரியன் தந்தது அன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரு ஊர்களுக்கும் இடையே 24 பாகைக்குச் சற்றுக் குறைவான தீர்க்கரேகை வேறுபாடுதான் இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால் ஒன்றரை மணிக்குச் சில நிமிடங்களே கூடும். சிங்கப்பூர் தன் இயல்பான நேரத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் கடிகாரத்தை முன்னே வைத்திருக்கிறது. முன்பு அங்கே உலகப் பொது நேரத்தோடு ஏழரை மணி கூட்டிக் கணக்கிட்டார்கள், அப்போது நமக்கும் அவர்களுக்கும் சரியாக இரண்டு மணி நேர வேறுபாடு. தீபகற்ப மலேசியா தன் நேரத்தைச் சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றாக்கியபோது, சிங்கப்பூரும் உடன் சேர்ந்து, 1982 ஜனவரி 1 முதல் எட்டு மணிக்கு மாறிக்கொண்டது. ஆகையால் அங்கே ஆண்டு முழுவதும் காலை ஏழு மணியை ஒட்டித்தான் பொழுது விடிகிறது. காலை 6.20-க்கு இறங்கும் உங்கள் பெற்றோர் வெளியே இருட்டாக இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பருவக்காற்று எழுதியது:

மிஞ்சிய பத்து நிமிடத்துக்கு வருவோம். நம் நாட்டில் பலர், கிழக்கு நோக்கிப் பறந்தால் விரைவு, மேற்கு நோக்கிப் பறந்தால் தாமதம் என்று பொதுவிதிபோல் சொல்வார்கள். டெல்லி – டோக்கியோ வழிக்கு அது முற்றிலும் பொருந்தும். குளிர்காலத்தில் இமயமலைக்குத் தெற்கே தொடங்கி ஜப்பான் வரை மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் தாரைக்காற்று, சில இடங்களில் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டும். அதன் முதுகில் ஏறிப் போகும் விமானம் ஏழரை எட்டு மணி நேரத்தில் டோக்கியோவை அடைய, எதிர்த்துத் திரும்பும் விமானத்துக்கு ஒன்பதரை மணி வரை ஆகிவிடுகிறது. அவ்வழியில் தூரமும் பெருவட்டக் கோட்டின்படி அமையாது என்பது தனிக்கதை. அந்தக் கோடு திபெத்தியப் பீடபூமியின் மேல் போகிறது. விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் குறைந்தால் 10,000 அடிக்கு உடனே இறங்க வேண்டும், ஆனால் அங்கே தரையே சராசரியாக 4,500 மீட்டர் உயரத்தில், அதாவது 14,000 அடிக்கும் மேலே இருக்கிறது. பயணிகளுக்கான உயிர்வளியும் (ஆக்சிஜன்) கால் மணி நேரத்துக்கே போதுமானது என்பதால், விமானங்கள் தெற்கே விலகி வங்கதேசம், மியான்மர், யுன்னான் வழியாகச் செல்கின்றன.

சென்னை – சிங்கப்பூர் வழியில் நிலைமை தலைகீழ். மேற்கிலிருந்து வீசும் அந்தத் தாரைக்காற்று இவ்வளவு தெற்கே வருவதில்லை. மாறாக, சூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழை பெய்யும் அதே மாதங்களில், வானத்தின் மேல்தளத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வலிய காற்று வீசுகிறது. வெப்பமண்டலக் கிழக்குத் தாரைக்காற்று என்று இதற்குப் பெயர். இதைப் பற்றி 1958-இல் விரிவான ஆய்வுக் கட்டுரை எழுதியவர், பின்னாளில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமை இயக்குநராக இருந்த பி. கோட்டேஸ்வரம். கோடையில் திபெத்தும் வட இந்தியாவும் சூடேற, தெற்கே இந்தியப் பெருங்கடல் ஒப்பீட்டளவில் குளிர்ந்திருப்பதால் இந்தக் காற்று பிறக்கிறது. இதன் மையம் சென்னையின் அட்சரேகையை ஒட்டியே அமைவதை நினைத்தால், நம் தலைக்கு மேலேயே ஓடும் இப்படிப்பட்ட ஆற்றைப் பற்றிப் பள்ளியில் ஒரு வரிகூடச் சொல்லித்தரவில்லையே என்று எனக்கு வருத்தம் உண்டு.

அதன் மையம் 14 முதல் 16 கி.மீ. உயரத்தில் இருக்கிறது, விமானங்கள் 11, 12 கி.மீ. உயரத்தில் பறப்பதால் அதன் அடிவிளிம்பில்தான் போகின்றன. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கக் காற்றின் வலிமையும் குறைகிறது. எனவே வழிநெடுகச் சராசரியாக மணிக்கு 40 கி.மீ. எதிர்க்காற்று என்று வைத்துக்கொள்வோம். ஓடுபாதை அவர்களின் கணக்கிலுள்ள 3 மணி 39 நிமிடம், போகும்போது 3 மணி 50 நிமிடமாகும். திரும்பும்போது 3 மணி 29 நிமிடமாகக் குறையும். பருவமழை மாதங்களில் இருபது நிமிட வேறுபாடு இப்படித்தான் உண்டாகிறது. இங்கே இழந்தது 11, மீட்டது 10 என்பதைக் கவனியுங்கள். ஒரே அளவு காற்று இரு பக்கமும் வீசினாலும், போகவர மொத்த நேரம் காற்றில்லாத நாளைவிட எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும், ஏனென்றால் எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் இருக்கிறது.

மூத்தவன் எழுதியது:

இருபது நிமிடத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சி நடப்பதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சேர்ந்த ரஜூலா கப்பலிலும், அதன் பின் ஓடிய சிதம்பரம் கப்பலிலும் இதே பயணம் ஒரு வாரத்தை விழுங்கியது. அந்தக் கப்பல்களும் ஏறத்தாழ இதே கடல் வாயிலின் வழியாகத்தான் மலாக்கா நீரிணைக்குள் நுழைந்தன.

காவிரிக்கரை எழுதியது:

ஒரு துணைக்கேள்வி. எங்கள் பக்கத்தில், சென்னையிலிருந்து போனால் தூரம் குறைவு என்று சொல்லித் திருச்சிக்காரர்கள்கூடச் சிலர் இரவோடு இரவாகச் சென்னைக்குப் போய் விமானம் ஏறுகிறார்கள். உண்மையிலேயே அவ்வளவு வேறுபாடு இருக்கிறதா?

நிலவரையர் எழுதியது:

திருச்சி – சிங்கப்பூர் பெருவட்டத் தூரம் ஏறத்தாழ 2,980 கி.மீ.; சென்னையைவிட அறுபது கி.மீ. மட்டுமே கூடுதல், விமானத்துக்கு அது நான்கைந்து நிமிடம். அதை மிச்சப்படுத்துவதற்காகத் தரைவழியில் 300 கி.மீ.க்கு மேல் போவது எந்தக் கணக்கிலும் சேராது. கட்டணம் குறைவு என்றோ புறப்படும் நேரம் வசதி என்றோ சொன்னால் அது வேறு பேச்சு.

ஓடுபாதை எழுதியது:

இதையொட்டி இடைநிறுத்தப் பயணங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தூரத்தைப் பார்த்து ஏமாறுவது அங்கேதான் அதிகம். கோலாலம்பூர் கிட்டத்தட்ட இந்த வழியின் மேலேயே இருக்கிறது. சென்னையிலிருந்து அங்கே 2,630 கி.மீ., அங்கிருந்து சிங்கப்பூருக்கு ஏறத்தாழ 300 கி.மீ.; கூட்டினால் நேர்வழியைவிடப் பத்து கி.மீ.க்கு மேல் அதிகமில்லை. கொழும்பு வழியாகப் போனால் 650-உம் 2,750-உம் சேர்ந்து 3,400 கி.மீ. ஆகிறது. வரைபடத்தைப் பார்ப்பவர் கோலாலம்பூர் வழியால் ஒன்றும் நட்டமில்லை என்றே நினைப்பார்.

ஆனால் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான அந்த 300 கி.மீ. விமானத்துக்கு அட்டவணையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குகிறார்கள். தரையில் ஊர்வது, எழும்புவது, வரிசையில் நிற்பது, இறங்குவது ஆகியவை தூரம் குறைந்ததற்காகக் குறைவதில்லை. இடையில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால், நேர்வழியில் நாலேகால் மணியில் முடிவது ஏழு எட்டு மணி நேரமாகிவிடும். வயதானவர்களை அனுப்புவதென்றால் சிறிது கூடுதலாகக் கொடுத்தாவது நேர் விமானத்தில் அனுப்புங்கள் என்பேன்.

கடலோரன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அப்பாவிடம் கூட்டல் கழித்தலைப் படித்துக் காட்டினேன். காற்றுக் கணக்கை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டார். ஒன்று மட்டும் மீதி இருக்கிறது. அவர்கள் ஆகஸ்டில் வருகிறார்கள். இரவு 11.30 விமானமா, அல்லது காலையில் புறப்பட்டு மாலையில் சேரும் விமானமா? காலை 6.20 என்றால் நான் எத்தனை மணிக்குச் சாங்கியில் நிற்க வேண்டும்?

பருவக்காற்று எழுதியது:

ஆகஸ்டு என்பதால் இரண்டு பக்கமும் ஒரு குறை உண்டு. அந்த மாதங்களில் சுமத்ராவிலும் மலாக்கா நீரிணையிலும் இரவில் திரளும் இடிமழை வரிசை, விடியலுக்கு முன்னும் காலையிலும் கிழக்கே நகர்ந்து சிங்கப்பூரைத் தாக்கும் நாள்கள் உண்டு. அங்கே அதைச் சுமத்ரா சூறை என்பார்கள். ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும் என்றாலும், அந்த நேரத்தில் வந்து சேரும் விமானங்கள் வானில் சுற்றிக்கொண்டு காத்திருக்க நேரலாம். பிற்பகலிலோ வேறு வகை இடிமழை வரும். எனவே மழையை வைத்து முடிவு செய்யாமல், பெற்றோரின் தூக்கத்தை வைத்து முடிவு செய்யுங்கள். இரவு விமானத்தில் வானில் இருப்பது ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான், உணவும் அறிவிப்புகளும் போக மிஞ்சும் தூக்கம் இரண்டரை மணி நேரம்கூடத் தேறாது. என் வீட்டார் என்றால் பகல் விமானத்தையே எடுப்பேன்.

ஓடுபாதை எழுதியது:

நானும் பகல் விமானத்தையே சொல்வேன். இரவு விமானம்தான் அமைந்தது என்றால், 6.20 என்பது விமானம் நிறுத்துமிடத்துக்கு வந்து நிற்கும் நேரம் என்பதை மறவாதீர்கள். இறங்கி, நடந்து, குடிநுழைவை முடித்து, பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வர முக்கால் மணி நேரமாவது ஆகும், முதன்முறை வருபவர்களுக்குச் சற்றுக் கூடவே ஆகலாம். சிங்கப்பூரின் மின்வழி வருகை அட்டையை, வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், நீங்களே அவர்களுக்காக நிரப்பிவிடுங்கள். புறப்பட்ட பின் விமானத்தின் நகர்வை நிகழ்நேர வரைபடத்தில் பாருங்கள்; பண்டா ஆச்சேவைத் தாண்டிவிட்டால் இறங்குவதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்போல் இருக்கிறது என்று பொருள். அதன்பின் வீட்டைவிட்டுக் கிளம்பினாலே போதும்.